ஒற்றைச் சிறுநீரகமும் 1.3 கிரியேட்டினினும்: தாராவித் தம்பிக்கு ஒரு பதில்

மும்பை தாராவியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 31 வயது, கூரியர் வேலை, மாலையில் ஜிம். வயிற்று வலிக்காக சோனோகிராபி எடுத்திருக்கிறார். வலி இரண்டு நாளில் போய்விட்டது. ஆனால் ரிப்போர்ட்டில் "இடது சிறுநீரகம் காணப்படவில்லை, வலது 12.4 செ.மீ." என்று இருந்திருக்கிறது. பயந்துபோய் ரத்தப் பரிசோதனை எடுத்ததில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.3, சிவப்பு எழுத்தில். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் ஐந்து லிட்டர் தண்ணீர் குடி என்கிறார். திருநெல்வேலியிலிருந்து மாமா ஒரு சூரணம் அனுப்பப் போகிறார். 63 வயது அம்மா, பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை உள்ளவர், அழுதுகொண்டே இருக்கிறாராம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் நேரம் வேறு. "எனக்கு சி.கே.டி. (நாள்பட்ட சிறுநீரக நோய்) வந்துவிட்டதா? எத்தனை வருஷத்தில் டயாலிசிஸ்? பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா?" என்பது கேள்வி.

தம்பி, நான் டாக்டர் இல்லை. சயான் பக்கம் ஒரு பேத்தாலஜி லேபில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். கிரியேட்டினின் எண்களை தினமும் பார்ப்பவள். இன்னொன்றும் உண்டு. 2008-ல் என் தம்பிக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தேன். அன்றிலிருந்து நானும் ஒன்றோடுதான் இருக்கிறேன். இந்த இரண்டையும் வைத்துத்தான் எழுதுகிறேன். முடிவு சொல்ல வேண்டியவர் உங்களை நேரில் பார்க்கும் நெஃப்ராலஜி (சிறுநீரக நோய்) டாக்டர்.

முதலில் அந்த 12.4 செ.மீ. எல்லோரும் 1.3-ஐப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், இந்த எண்ணை யாரும் கவனிக்கவில்லை. பெரியவர்களுக்குச் சிறுநீரகம் வழக்கமாக 9-லிருந்து 12 செ.மீ. வரை இருக்கும். பிறவியிலேயே ஒன்று இல்லாவிட்டால் மற்றது கருவிலிருந்தே பெரிதாக வளர்ந்து இரண்டின் வேலையைப் பெருமளவு ஏற்றுக்கொள்ளும். உங்களுடையது அப்படி வளர்ந்திருக்கிறது, இது நல்ல செய்தி. ஒன்றே ஒன்று இருந்து, அதுவும் 9 செ.மீ.தான் என்றிருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதியிருக்க மாட்டேன்.

பிறவியில் ஒரு சிறுநீரகம் இல்லாமல் இருப்பது சுமார் ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் விஷயம். பெரும்பாலும் இடது பக்கம்தான் இருக்காது. ஆயிரத்தில் ஒருவர் என்றால் தாராவி 90 அடி சாலையில் ஒரு நாளில் நடப்பவர்களிலேயே எத்தனையோ பேர் இருப்பார்கள். பலருக்குச் சாகும்வரை தெரியாது. ஆனால் "காணப்படவில்லை" என்பதும் "இல்லை" என்பதும் ஒன்றல்ல. சிலருக்கு அது இடுப்புக்குழியில் இறங்கி உட்கார்ந்திருக்கும், சிலருக்குச் சுருங்கிப் போய்க் கிடக்கும். இதைத் தெளிவாக்க, வேலை செய்யும் சிறுநீரகம் எங்கே இருக்கிறது என்று காட்டும் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனை டாக்டர் எழுதலாம். கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் 1.3. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. உடம்பில் தசை அதிகம் என்றால் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் எண் கொஞ்சம் மேலே நிற்கும். ஜிம்முக்குப் போகிறவர் நீங்கள். முந்தின இரவு மட்டன் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தாலும் கூடும். கிரியேட்டின் என்று டப்பாவில் வருகிற பவுடரைச் சாப்பிட்டாலும் கூடும். அந்தச் சிவப்பு எழுத்தைப் போடுவது கம்ப்யூட்டர். எல்லா ஆண்களுக்கும் ஒரே எல்லையை வைத்துக்கொண்டு, அதைத் தாண்டினால் சிவப்பாக்கிவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஜிம் பையனா, படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவா என்று அதற்குத் தெரியாது.

அதனால்தான் வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம், கணக்கிடுகிறோம். 2021-ல் வந்த சூத்திரப்படி, 31 வயது ஆணுக்கு 1.3 என்றால் இ.ஜி.எஃப்.ஆர். சுமார் 75. அதே 1.3 உங்கள் அம்மா வயதுப் பெண்ணுக்கு வந்தால் சுமார் 46. எண் ஒன்றுதான். உங்களுக்கு அது கவனித்துக்கொண்டால் போதும் என்கிற நிலை, அவருக்கு அது மூன்றாம் நிலை சி.கே.டி.யாக இருக்கக்கூடியது. பவுடரை நிறுத்தி, இரண்டு நாள் ஜிம்முக்குப் போகாமல், அதே லேபில் மறுபடி பாருங்கள். லேபுக்கு லேப் முறை மாறும், 0.1, 0.2 வித்தியாசம் வரத்தான் செய்யும். சந்தேகம் தீராவிட்டால் சிஸ்டாட்டின் சி என்று ஒரு டெஸ்ட் உண்டு. அது தசையை அவ்வளவாக நம்பியிராது. விலை கூடுதல்தான், ஆனால் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு முறை செய்து பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம்.

சி.கே.டி. என்று சொல்ல ஒரு நாள் ரிப்போர்ட் போதாது. இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே, அல்லது சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் ஒழுகுவது, அல்லது சிறுநீரகம் சேதமாகியிருப்பதற்கான வேறு அடையாளம், இவற்றில் ஒன்று மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். உங்களிடம் இப்போது இருப்பது ஒரு ரத்த ரிப்போர்ட்டும் ஒரு சோனோகிராபியும். மிக முக்கியமான டெஸ்ட்டை இன்னும் யாரும் எழுதித் தரவில்லை.

அது சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். எங்கள் லேபுக்குக் கிரியேட்டினின் பார்க்கப் பத்துப் பேர் வந்தால், இதைக் கேட்டு வருபவர் ஒருவர் இருந்தால் அதிகம். எனக்கு இதில் தீராத வருத்தம். இரண்டு மாடு இழுத்த வண்டியை ஒரு மாடு இழுத்தால் வண்டி ஓடத்தான் செய்யும், ஆனால் மாட்டின் கழுத்தில் பாரம் கூடும். அது போல மீதியிருக்கும் சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டியிலும் ரத்தத்தின் அழுத்தம் கூடுதலாக இருக்கும். பலருக்கு அது ஆயுள் முழுக்கத் தாங்கும். சிலருக்கு இருபது முப்பது வருஷத்தில் வடிகட்டியின் கண்ணிகள் தளர்ந்து புரதம் ஒழுக ஆரம்பிக்கும். கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல வருஷம் முன்னாலேயே இந்த ஒழுக்கு தெரிந்துவிடும். நெதர்லாந்தில் ஒற்றைச் சிறுநீரகக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2013-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் சிறுவயதிலேயே ரத்த அழுத்தமோ புரத ஒழுக்கோ ஏதாவது ஒரு அடையாளம் தெரிந்தது. இ.ஜி.எஃப்.ஆர். இறங்கியிருந்தவர்களோ மிகக் குறைவு. முதலில் வருவது எது, கடைசியில் வருவது எது என்பது இதிலேயே தெரிகிறது.

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் வேண்டும். காய்ச்சல், நீர்க்கடுப்பு, முந்தின நாள் கடும் உடற்பயிற்சி இவை இருந்தால் தள்ளிப்போடுங்கள், பொய்யாகக் கூட்டிக் காட்டும். மி.கி./கிராம் கணக்கில் 30-க்குக் கீழே என்றால் நிம்மதி, அடுத்த வருஷம் பார்த்தால் போதும். 30-லிருந்து 300 என்றால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும். 300-க்கு மேல் என்றால் உடனே நெஃப்ராலஜி டாக்டரிடம் போக வேண்டும். பட்டையை நனைத்துப் பார்க்கும் சாதாரண யூரின் டெஸ்ட்டில் "புரதம் இல்லை" என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள், குறைந்த அளவு ஒழுக்கு அதற்குப் பிடிபடாது.

ஒழுகினால்? இங்கேதான் உங்கள் அம்மாவுக்குச் சொல்ல நல்ல செய்தி இருக்கிறது. ராமிப்ரில், டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் வகை பி.பி. மாத்திரைகள் அந்த வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையே குறைக்கின்றன. டாபாக்ளிஃப்ளோசின் சர்க்கரைக்கு என்று வந்த மருந்து. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் சி.கே.டி. மோசமாவதை அது தாமதப்படுத்துகிறது என்று 2020-ல் பெரிய ஆய்வில் தெரிந்தது. அதே வருஷம் இந்தியாவில் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கியது. ராமிப்ரில் வகையை ஆரம்பித்த முதல் வாரங்களில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். முப்பது சதவீதம் வரை டாக்டர்கள் ஏற்றுக்கொள்வார்கள். இது தெரியாமல் "மாத்திரை கிட்னியைக் கெடுக்கிறது" என்று தாமாகவே நிறுத்திவிட்டவர்களை நான் லேப் கவுன்டரில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

பி.பி. 130/80-க்குள் இருக்கட்டும். லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வந்து மூச்சு வாங்கும்போது பார்க்காதீர்கள். வீட்டில் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு, மேல்கையில் கட்டும் மெஷினில் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள்.

எத்தனை வருஷத்தில் டயாலிசிஸ் என்று கேட்டீர்கள். நான் தானம் கொடுக்கும் முன் கேட்ட கேள்வியும் இதுதான். 2014-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு ஆய்வு, தானம் கொடுத்தவர்கள் பத்தாயிரம் பேரில் வாழ்நாளில் சுமார் 90 பேருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கலாம் என்று கணக்கிட்டது. அதே அளவு ஆரோக்கியத்தோடு, இரண்டையும் வைத்திருப்பவர்களில் அது 14. எந்தப் பரிசோதனையும் இல்லாமல் பொதுமக்களை எடுத்தால் 326. ஒன்று குறைவதால் ஆபத்து கூடுகிறது என்பது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனாலும் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. உங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எங்களைச் சலித்து எடுத்துத்தான் அறுவைக்குப் படுக்க வைத்தார்கள், நீங்கள் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லை, உங்களுடையது பிறவியிலிருந்தே வந்தது. அதனால்தான் வருஷா வருஷம் சிறுநீர், ரத்தம், பி.பி. என்று விடாமல் சொல்கிறேன்.

இனி நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு உள்ளவர்களுக்கு ஒன்று அடிபட்டால் மற்றது தாங்கிக்கொள்ளும். நமக்கு அந்த மாற்று இல்லை. 2013 மழைக்காலத்தில் எனக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அதோடு முதுகு பிடித்துக்கொண்டது. தெருமுனை கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு, மூன்று நாளைக்கு அதே மாத்திரையும் கொடுத்தார்கள். ஒற்றைச் சிறுநீரகம் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நான்காம் நாள் கால் வீங்கி, சிறுநீர் குறைந்து, என் லேபிலேயே என் ரத்தத்தைப் போட்டுப் பார்த்தால் 0.9-ஆக இருந்த கிரியேட்டினின் 2.4. மூன்று வாரம் ஆயிற்று இறங்க. அந்த மூன்று வாரமும் என் தம்பி என் முகத்தைப் பார்க்கவே கூசினான். அவனால்தான் எனக்கு இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே இறுக்கிவிடும். பாரசிட்டமால் சரியான அளவில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கடையில் கிடைக்கும் பல வலி மாத்திரைகளில் பாரசிட்டமாலோடு இன்னொன்றும் கலந்திருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஜிம்மில் தோள் வலிக்கு ஆளாளுக்கு ஒரு மாத்திரை நீட்டுவார்கள், வாங்காதீர்கள். சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன், ஜென்டாமைசின் என்கிற ஆன்டிபயாட்டிக் ஊசி, எந்த ஆபரேஷன் ஆனாலும், "எனக்கு ஒரு சிறுநீரகம்தான்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒரு சீட்டில் எழுதி ஆதார் கார்டோடு வைத்திருக்கிறேன் நான். வண்டி ஓட்டுகிறவர் நீங்கள், உங்களுக்கு அது இன்னும் அவசியம்.

மும்பை மழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்தது. அந்த வெள்ளம் வடிந்த பிறகு ஊர் முழுக்க எலிக்காய்ச்சல் பரவியது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நடந்தால், காலில் இருக்கும் சின்ன வெட்டு வழியாகவே கிருமி ஏறும், ஏறினால் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். கூரியர் வேலையில் சயான், குர்லா, ஹிந்துமாதா தண்ணீரில் இறங்காமல் உங்களால் முடியாது. கம்பூட் போடுங்கள். இறங்கிவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி சுகாதார நிலையத்தில் டாக்ஸிசைக்ளின் பற்றிக் கேளுங்கள், தடுப்புக்குத் தருவார்கள். மழைக்காலக் காய்ச்சல் எதையும் "தானாகப் போய்விடும்" என்று விடாதீர்கள்.

கல்லும் அப்படித்தான். ஒற்றைச் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் கல் குழாயை அடைத்தால் சிறுநீர் முழுக்க நின்றுவிடும். வலியோடு ஏழெட்டு மணி நேரம் சிறுநீரே வரவில்லை என்றால் அது காலை வரை காத்திருக்கும் விஷயம் இல்லை. சயான், கே.இ.எம்., நாயர், எது பக்கமோ அங்கே கேஷுவாலிட்டிக்குப் போங்கள்.

மாமாவின் சூரணம். கோபித்துக்கொள்ளாமல் வாங்கி வையுங்கள், சாப்பிடாதீர்கள். எனக்குச் சித்த மருத்துவத்தின் மேல் பகை இல்லை, என் பாட்டி கை வைத்தியத்தில் வளர்ந்தவள்தான். ஆனால் என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியை ஒற்றைச் சிறுநீரகத்துக்கு நான் கொடுக்க மாட்டேன். ஆடுதீண்டாப்பாளை நம் ஊரில் புழு மருந்துக்கும் தோல் நோய்க்கும் பயன்படுத்துவது. அதிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் இளைப்பதற்கென்று கொடுத்த மாத்திரையில் இதே குடும்பச் செடி கலந்து, பல பெண்களுக்குச் சிறுநீரகமே போனது. பாதரசம் கலந்த பஸ்பங்களும், பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிரீம்களும் புரதம் ஒழுகும் ஒரு வகை நோயைத் தருகின்றன. கல்யாணத்துக்கு முன்னால் முகத்துக்கு எதையாவது வாங்கப் போகிறீர்கள் என்றால் இதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்து லிட்டர் தண்ணீர் வேண்டாம். தண்ணீர் அதிகம் குடித்தால் சி.கே.டி. தாமதப்படுமா என்று கனடாவில் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். ஒரு வருஷத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. தாகத்துக்குக் குடியுங்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். மே மாதம் வண்டியில் அலைகிற நாளில் மூன்று லிட்டர்கூடத் தேவைப்படலாம்.

சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், சமையலில் போடுவது, ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை வடாபாவ் எல்லாம் சேர்த்து. புரோட்டீன் பவுடரை விடுங்கள், பருப்பு, முட்டை, மீன் போதும். வாழைப்பழம், இளநீர், வாழைத்தண்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் கூடியவர்களுக்குச் சொல்வது அது, உங்களுக்கு இப்போது தேவையில்லை. பள்ளிக்கூட வாசலில் மிளகாய்ப்பொடி தூவி விற்கிற கம்ரக், அந்த நட்சத்திரப் பழம், அதை மட்டும் தொடாதீர்கள். அதிலுள்ள ஆக்ஸலேட் நல்ல சிறுநீரகத்தையே அடைத்திருக்கிறது. ஜிம்மை விட வேண்டாம். தஹி ஹண்டியில், அந்தக் கோகுலாஷ்டமி மனிதக் கோபுரத்தில், ஏறுவதை விட்டுவிடுங்கள்.

மெடிக்ளெய்ம் (மருத்துவக் காப்பீடு) எடுப்பதாக இருந்தால் இதை எழுதித்தான் எடுக்க வேண்டும். முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024-லிருந்து அதிகபட்சம் மூன்று வருஷம். மறைத்து எடுத்தால் தேவைப்படும் நாளில் மறுப்பார்கள்.

பெண் வீட்டாரிடம் சொல்லுங்கள். மூன்று மாதக் கணக்கு முடிந்து, ரிப்போர்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, நிச்சயத்துக்கு முன்னால், முடிந்தால் அந்தப் பெண்ணிடமே நேராகச் சொல்லுங்கள். எப்படியும் வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்கப் போகிறவர் நீங்கள், கூட இருப்பவருக்குத் தெரியாமல் எடுக்க முடியாது. குழந்தை பற்றிக் கேட்பார்கள். சிறுநீரகம் இல்லாத பக்கத்தில் சில ஆண்களுக்கு விந்துக் குழாயும் இருக்காது. மறுபக்கம் சரியாக இருந்தால் அதுவே போதும், யூராலஜி டாக்டர் பார்த்துச் சொல்வார். பிறக்கப் போகும் குழந்தைக்கு 18–20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் சிறுநீரகங்களைக் கவனித்துப் பார்க்கச் சொல்லலாம். சில குடும்பங்களில் இது ஒருவரோடு நிற்பதில்லை. கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு சோனோகிராபி எடுத்துவிடுங்கள். தங்கை என்றால் கருப்பையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டும் கருவில் ஒன்றாக உருவாகிறவை.

கடைசியாக, அம்மா. பன்னிரண்டு வருஷச் சர்க்கரை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். டயாலிசிஸ் வரை கொண்டுபோகும் காரணங்களில் சர்க்கரைதான் முன்னால் நிற்கிறது. அவருக்கு ஆல்புமின் டெஸ்ட் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? திங்கட்கிழமை லேபிலிருந்து இரண்டு டப்பா வாங்கி வாருங்கள், ஒன்றில் அம்மாவின் பெயரை எழுதுங்கள்.